பிரான்சிஸ் நர்ஸ்: சேலம் சூனிய வழக்கில் நாம் பேசாமல் விட்ட கணவர்

கரிசல்காடு:

1692 சேலம் சூனிய வழக்குகளைப் பற்றி இந்தக் களத்தில் முன்பும் பேசியிருக்கிறோம் (மாசசூசெட்ஸ் சேலம், நம்ம ஊர் சேலத்தைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்). ஒவ்வொரு முறையும் ரெபேக்கா நர்ஸ் பெயர் வரும். 71 வயதில் தூக்கிலிடப்பட்ட மூதாட்டி என்று எல்லாரும் உருகுவோம். அவருடன் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு குடித்தனம் நடத்திய பிரான்சிஸ் நர்ஸை "அவருடைய கணவர், ஒரு விவசாயி" என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விடுவோம். அந்த மனிதருக்காகத்தான் இந்த இழை.

இங்கிலாந்தில் 1618 வாக்கில் பிறந்தவர். இளைஞராக மாசசூசெட்ஸ் குடியேற்றத்துக்கு வந்து சேலம் நகரத்தில் மரத்தட்டு செய்து பிழைத்தார். 1644 வாக்கில் ரெபேக்கா டவுனைக் கட்டினார். ரெபேக்கா இங்கிலாந்தின் கிரேட் யார்மத்தில் 1621இல் ஞானஸ்நானம் பெற்றவர். பெற்றோர் வில்லியம் டவுன், ஜோவன்னா. தங்கைகளில் இருவர் பின்னால் இந்தக் கதையில் வருவார்கள்: மேரி ஈஸ்டி, சாரா க்ளாய்ஸ். பிரான்சிஸ், ரெபேக்கா தம்பதிக்கு எட்டுப் பிள்ளைகள், நாலு ஆண், நாலு பெண்.

முப்பது வருஷத்துக்கு மேல் கைத்தொழில்தான் சோறு போட்டது. ஊரில் நல்ல பெயர். 1672இல் கான்ஸ்டபிளாக இருந்தார். அண்டை வீட்டார் தகராறு என்றால் பஞ்சாயத்துக்குக் கூப்பிடக்கூடிய ஆள். அப்புறம் 1678இல், அறுபது வயதில், சேலம் கிராமத்தில் (இன்றைய டான்வர்ஸ்) 300 ஏக்கர் பண்ணையை ஒப்பந்தம் போட்டு எடுத்தார். மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வயதில் மனிதர் புதிதாக ஏர் பூட்டினார். பதினாலு வருஷம் கழித்து மனைவியை விலங்கோடு கூட்டிக்கொண்டு போனார்கள்.

ரெபேக்காவைப் பிடிக்க ஆணை போட்ட 1692 மார்ச் 23இலிருந்து தூக்கிலிட்ட ஜூலை 19 வரை நாலு மாதம்கூட இல்லை. அதற்குள் இந்தக் கிழவரும் அவர் பிள்ளைகளும் செய்த வேலையைப் படித்தால் பிரமிப்பாக இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. அந்த இடத்தை ஒரு குடும்பமே நிரப்பியது. அதைப் பேசலாம் வாங்க.

மலர்விழி:

நல்ல இழை அண்ணா. முதலில் ஒரு சந்தேகம். மரத்தட்டு செய்து எட்டுப் பிள்ளைகளை வளர்க்க முடியுமா? அதற்கு அவ்வளவு கிராக்கி இருந்ததா?

இழைப்புளி:

தாராளமாக முடியும் தங்கச்சி. நான் மரவேலைக்காரன் என்பதால் இதற்கு நானே பதில் சொல்கிறேன்.

அந்தக் காலத்து நியூ இங்கிலாந்து வீட்டில் பீங்கான் அபூர்வம். ஈயக்கலவைப் பாத்திரம் வசதியுள்ளவர் வீட்டில் நாலைந்து இருக்கும், உயில் எழுதும்போது அதையும் எண்ணி எழுதுவார்கள். மற்றபடி எல்லாம் மரம். சாப்பிடும் தட்டு, கஞ்சிக் கிண்ணம், மாவு பிசையும் தொட்டி, பால் ஆடை கட்ட வைக்கும் அகலத் தட்டு, வெண்ணெய் திரட்டும் பலகை. ஒரே தட்டில் இரண்டு பேர் சாப்பிடுவதும் சாதாரணம். மரம் வெடிக்கும், தேயும், நாற்றம் பிடிக்கும், சில வருஷத்தில் மாற்றியாக வேண்டும். ஆகவே வாடிக்கைக்குக் குறைவே இல்லை.

வேலை எப்படி நடக்கும் என்றால், மேப்பிள் மாதிரி இறுக்கமான, வாசனை ஏறாத மரத்தைப் பச்சையாகவே எடுத்து, கட்டையை நடுவில் பிளப்பார்கள். வளைந்த வாய்ச்சியால் உள்பக்கத்தைக் குடைவார்கள். வட்டமான சாமானுக்குக் காலால் மிதித்து ஓட்டும் கடைசல் பட்டறை. குடைந்த தட்டை உடனே விற்க முடியாது, நிழலில் மெதுவாக உலர வேண்டும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் வைத்தால் ஓரத்தில் கீறல் விழுந்து உழைப்பு வீண். தடிமன் எங்கும் ஒரே சீராக இருந்தால்தான் சமமாக உலரும். அந்தச் சீர்தான் கைத்திறன்.

இதில் இன்னொன்றும் உண்டு. நகரத்தின் பாதி வீட்டு அடுப்படிக்குள் அவர் சாமான் போயிருக்கும். வீடு வீடாகப் பழக்கம். கரிசல் அண்ணன் சொன்ன "நல்ல பெயர்" சும்மா வந்ததில்லை.

பத்திரம்:

வாழ்நாளெல்லாம் கிரயப் பத்திரம் எழுதிப் பழகியவன் நான். அதனால் அந்த 1678 ஒப்பந்தம்தான் என் கண்ணில் முதலில் பட்டது. எவ்வளவு நல்ல பத்திரம் தெரியுமா!

நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜேம்ஸ் ஆலன், பாஸ்டனில் பாதிரியார். விலை 400 பவுண்டு. கட்டி முடிக்க 21 வருஷம் அவகாசம். அதுவரை வருஷ வாடகை, முதல் 12 வருஷம் 7 பவுண்டு, அதற்குமேல் 10 பவுண்டு. கெடுவுக்குள் கட்ட முடியாவிட்டால் நிலம் ஆலனிடமே திரும்பும். ஆனால் நர்ஸ் குடும்பம் உழைத்து நிலத்தின் மதிப்பை எவ்வளவு கூட்டியிருக்கிறதோ, அதை நடுநிலை ஆட்கள் கணித்து அவர்களுக்கே கொடுத்துவிட வேண்டும். உரிமைத் தகராறு வந்தால் வழக்காடும் பொறுப்பு ஆலனுடையது. கையில் முதலே இல்லாத ஒரு கைத்தொழிலாளிக்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு கிடைக்காது. கையில் காசில்லை, வீட்டில் ஆள்பலம் இருக்கிறது. மகன்களும் மருமகன்களும் சேர்ந்து காடு திருத்தினால் 21 வருஷத்தில் கட்டிவிடலாம் என்பதுதான் கணக்கு.

ஆனால் நிலத்தின் வரலாறு வில்லங்கம் பிடித்தது. 1636இல் டவுன்செண்ட் பிஷப்புக்குக் கொடுக்கப்பட்ட மானியம். கைமாறி ஆளுநர் ஜான் எண்டிகாட்டிடம் வந்தது. அவர் மூத்த மகனுக்குக் கொடுத்தார். மகன் வாரிசில்லாமல் செத்தார். விதவை மறுமணம் செய்துகொண்டது நம்ம ஆலனை. அவளும் இறந்துபோக, நிலம் ஆலனுக்கு வந்தது. எண்டிகாட்டின் இளைய மகன் செருபாபேல் சும்மா இருப்பாரா? எங்கள் குடும்பச் சொத்து எவனோ ஒருவனுக்கா என்று கோர்ட்டுக்குப் போனார். அது ஒரு பக்கம். நத்தானியேல் புட்னத்துடன் எல்லைத் தகராறு இன்னொரு பக்கம். ரெபேக்காவின் பிறந்த வீட்டார் இருந்த டாப்ஸ்ஃபீல்டுக்கும் புட்னம்களுக்கும் பல வருஷ வேலிச் சண்டை வேறு.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், சூனியக் குற்றச்சாட்டுக்குப் பின்னால் இருந்தது மண்ணாசைதான் என்பது என் முடிவு. கைது ஆணைக்குப் பிராது கொடுத்தவர்களே எட்வர்ட் புட்னமும் ஜோனத்தன் புட்னமும்தானே.

நெய்தல்:

பத்திரம் ஐயா, ஒப்பந்தத்தை விளக்கியதற்கு நன்றி. முடிவில்தான் உடன்பட முடியவில்லை.

பிரான்சிஸ் திரட்டிய மனுவைப் பாருங்கள். ரெபேக்காவைப் பல வருஷமாகத் தெரியும், அவர்மேல் இப்படி ஒரு சந்தேகம் வரக் காரணமே இருந்ததில்லை என்று 39 பேர் கையெழுத்துப் போட்ட மனு. அதில் யார் யார் இருக்கிறார்கள்? ஜோனத்தன் புட்னம் இருக்கிறார், அவர் மனைவியும் இருக்கிறார். பிராது கொடுத்த அதே ஜோனத்தன்! ஜான் புட்னம் இருக்கிறார், பெஞ்சமின் புட்னம் இருக்கிறார். எண்டிகாட் குடும்பத்திலிருந்து சாமுவேல் இருக்கிறார். எல்லைத் தகராறுக்காரர் நத்தானியேல் புட்னம் தனியாகவே ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தார். பிரான்சிஸ் கேட்டுக்கொண்டதால் கொடுக்கிறேன் என்று அதிலேயே இருக்கிறது. ரெபேக்கா அண்டை அயலாருடன் சண்டை போட்டதுண்டு, ஆனால் இந்தமாதிரிக் குற்றம் அவர்மேல் யாரும் சொல்லிக் கேட்டதில்லை, பெரிய குடும்பத்தைப் பெற்று நன்றாக வளர்த்தவர் என்கிறார்.

நிலத்துக்காகக் கொல்ல நினைப்பவன் இப்படி எழுதிக் கொடுப்பானா? தவிர, ரெபேக்கா பெயரில் நிலமே இல்லை. 1690இலேயே பிரான்சிஸ் பண்ணையின் பெரும்பகுதியை மகன் சாமுவேலுக்கும் மருமகன்கள் தாமஸ் பிரெஸ்டன், ஜான் டார்பெலுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டார். கிழவியைத் தூக்கில் போட்டால் ஒரு ஏக்கர்கூட எவனுக்கும் கிடைக்காது.

அந்த மனுவை நினைத்தால் எனக்கு மனசு கனத்துப்போகிறது. 1692இல் சூனியக்காரி என்று பெயர் வாங்கியவருக்குப் பரிந்து பேசுவது ஆபத்து. பேசியவர்மேலேயே அடுத்த குற்றச்சாட்டு பாயும். கையெழுத்துப் போட்ட டேனியல் ஆண்ட்ரு மே மாதம் தன்மேல் வாரண்ட் வந்ததும் ஊரைவிட்டே ஓட வேண்டியதாயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில் 74 வயதுக் கிழவர் வாசல் வாசலாகப் போய்க் காகிதத்தை நீட்ட, 39 பேர் பேனாவை எடுத்திருக்கிறார்கள்.

பத்திரம்:

நெய்தல் அம்மா, புட்னம்கள் எல்லாரும் ஒரே கட்சி இல்லை என்பது சரி. பிராது வேகம் முழுக்க தாமஸ் புட்னம் வீட்டிலிருந்து வந்தது. அவர் மனைவி ஆன், 12 வயது மகள் ஆன், வீட்டு வேலைக்காரி மெர்சி லூயிஸ். அந்த வீட்டுக்கு நர்ஸ்மேல் என்ன கோபம்?

இதைப் பாருங்கள். 1691 அக்டோபரில் கிராமக் கமிட்டிக்குப் புதிதாக ஐந்து பேர் வந்தார்கள். ஜோசப் போர்ட்டர், ஜோசப் ஹட்சின்சன், ஜோசப் புட்னம், டேனியல் ஆண்ட்ரு, ஐந்தாவது நம்ம பிரான்சிஸ் நர்ஸ். கிராமப் பாதிரியார் சாமுவேல் பாரிஸுக்குச் சம்பளம் கொடுக்க வரி விதிக்க மாட்டோம் என்று இந்தக் கமிட்டி நின்றது. பாதிரியார் வீட்டையும் நிலத்தையும் அவர் பெயருக்கு எழுதிக் கொடுத்தது செல்லுமா என்ற கேள்வியும் அதோடு சேர்ந்து கிளம்பியது. குளிர்காலம் வாசலில் நிற்கிறது, பாரிஸ் வீட்டில் விறகில்லை. தாமஸ் புட்னமோ பாரிஸின் பக்கத்தில் முதல் ஆள். நாலு மாதத்தில் பாரிஸின் மகளுக்கும் அவர் வீட்டில் வளர்ந்த அபிகெயில் வில்லியம்ஸுக்கும் வலிப்பு வருகிறது, சூனியம்தான் காரணம் என்கிறார்கள். மார்ச்சில் கமிட்டி உறுப்பினரின் மனைவி சூனியக்காரி ஆகிறாள்.

எனவே நிலத்தை ஒதுக்கிவிட்டாலும் ஊர் அரசியலை ஒதுக்க முடியாது.

நெய்தல்:

அதை ஏற்கிறேன் ஐயா. ஆனால் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதே கமிட்டியின் ஜோசப் ஹட்சின்சன் பிப்ரவரி 29 அன்று டிடுபா, சாரா குட், சாரா ஆஸ்பர்ன் மூவர்மேலும் முதல் பிராது கொடுத்த நால்வரில் ஒருவர். உடன் கொடுத்தவர்கள் தாமஸ் புட்னம், எட்வர்ட் புட்னம். நான்காமவர் யார் தெரியுமா? தாமஸ் பிரெஸ்டன். பிரான்சிஸின் மூத்த மகள் ரெபேக்காவின் வீட்டுக்காரர்!

கட்சி பிரித்துத் திட்டம் போட்ட சதி என்றால் இது பொருந்தாது. மருமகனே சூனியம் உண்மை என்று நம்பிப் பிராதில் பெயர் கொடுத்திருக்கிறார். மூன்றே வாரத்தில் அது மாமியாரைத் தேடி வந்துவிட்டது.

கரிசல்காடு:

பிரெஸ்டன் விஷயத்தைக் கொண்டுவந்ததற்கு நன்றி. அந்த வீட்டில் அந்த மார்ச் மாதம் சாப்பாட்டு நேரம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாலே நெஞ்சு அடைக்கிறது.

இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. நான் பேச ஆசைப்பட்டது வேறு பக்கம். இவர்கள் எப்படிப் போராடினார்கள் என்பது.

கைதான நாலைந்து நாளில், மார்ச் 28, மகன் சாமுவேலும் மருமகன் ஜான் டார்பெலும் நேராக தாமஸ் புட்னம் வீட்டுக்கே போகிறார்கள். சண்டைக்குப் போகவில்லை. ஒரே கேள்வி: பெயரை முதலில் சொன்னது யார்? சின்னப்பெண் ஆன் தானாகச் சொன்னாளா, அல்லது யாராவது எடுத்துக் கொடுத்தார்களா? வந்த பதில், வெளுத்த முகத்தோடு ஒரு பெண் பாட்டியின் இருக்கையில் உட்கார்ந்திருந்ததை ஆன் பார்த்தாள், பெயர் தெரியாது என்றாள். சரி, பெயர் வைத்தது யார் என்று டார்பெல் விடாமல் கேட்கிறார். மெர்சி லூயிஸ், "அம்மாதான் சொன்னார்" என்று புட்னத்தின் மனைவியைக் காட்டுகிறாள். புட்னத்தின் மனைவி, "மெர்சிதான் சொன்னாள்" என்கிறார். ஒருவரை ஒருவர் மாற்றி மாற்றிக் கைகாட்டுகிறார்கள். டார்பெல் இதை அப்படியே வாக்குமூலமாக எழுதிக் கொடுத்துவிட்டார். இன்றைக்கும் இருக்கிறது. ஒரு விவசாயி செய்த குறுக்கு விசாரணை இது. அந்த வழக்கு மன்றத்தில் எந்த நீதிபதியும் இதைக் கேட்கவில்லை.

இன்னொன்று மருமகள் சாரா நர்ஸ் சொன்னது. விசாரணையின்போது சாரா பிப்பர் என்ற பெண் தன் துணியிலிருந்து ஊசிகளை உருவி எடுத்து, கைக்குள் வைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஐயோ ரெபேக்கா குத்துகிறாள் என்று அலறினாள். நான் கண்ணால் பார்த்தேன் என்று சாரா எழுதிக் கொடுத்தாள். எல்லாரும் அலறுகிறவளின் முகத்தைப் பார்க்கும்போது இவள் அவள் கையைப் பார்த்திருக்கிறாள்!

மகள்கள் இருவரும் ஒரு வாக்குமூலம் கொடுத்தார்கள். சூனியக்காரியின் உடம்பில் அடையாளம் இருக்கும் என்று பெண்கள் குழுவை விட்டுச் சோதனை போட்டிருந்தார்கள் இல்லையா? அம்மாவுக்குப் பல வருஷமாக உடம்பில் இருக்கும் உபாதை அது என்றார்கள். தாயின் அந்தரங்கத்தை ஊர்முன் சொல்ல வேண்டிய நிலை.

இத்தனைக்கும் பலன் கிடைத்தது என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஜூன் கடைசியில் வழக்கு நடந்தபோது ஜூரிகள் சொன்ன முதல் தீர்ப்பு "குற்றவாளி இல்லை."

மலர்விழி:

அப்புறம் எப்படி மாறியது? படித்திருக்கிறேன், சரியாகப் புரியவில்லை.

கரிசல்காடு:

தீர்ப்பைக் கேட்டதும் குற்றம் சாட்டிய பெண்கள் மன்றத்திலேயே பெரிய கூச்சல் போட்டார்கள். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவ்டன் ஜூரிகளிடம், கைதி சொன்ன ஒரு வார்த்தையைக் கவனித்தீர்களா என்று கேட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்ட டெலிவரன்ஸ் ஹாப்ஸைச் சாட்சி சொல்லக் கொண்டுவந்தபோது ரெபேக்கா, "இவள் ஏன் வருகிறாள், இவள் எங்களில் ஒருத்திதானே" என்ற மாதிரி சொல்லியிருந்தார். எங்களில் என்றால் சூனியக்காரிகளில் என்றா அர்த்தம்? ஜூரித் தலைவர் தாமஸ் ஃபிஸ்க் ரெபேக்காவிடமே விளக்கம் கேட்டார். அவர் பதில் பேசவில்லை. ஜூரிகள் மறுபடி உள்ளே போய் "குற்றவாளி" என்று வந்தார்கள்.

ரெபேக்காவுக்குக் காது மந்தம். என்னோடு சிறையில் இருப்பவள் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன், காது கேளாமையிலும் துக்கத்திலும் என்னிடம் கேட்டது எனக்கு விளங்கவில்லை, விளங்கியிருந்தால் விளக்கியிருப்பேன் என்று பின்னால் எழுதிக் கொடுத்தார்.

இங்கேயும் குடும்பம் விடவில்லை. தீர்ப்பு மாறிய காரணத்தை ஃபிஸ்க்கிடமிருந்தே எழுத்தில் வாங்கினார்கள். ஜூலை 4 தேதியிட்டது. ஆளுநர் வில்லியம் ஃபிப்ஸ் தண்டனையை நிறுத்தி வைக்கவும் செய்தார்! பிறகு சேலத்துப் பெரிய மனிதர்கள் சிலர் தலையிட, அது ரத்தாகிவிட்டது. இரண்டு முறை கைக்கு எட்டியது, இரண்டு முறையும் பறித்துக்கொண்டார்கள்.

இழைப்புளி:

எனக்கு இதில் பன்றிச் சமாசாரம்தான் மறக்க மாட்டேன் என்கிறது. பெஞ்சமின் ஹோல்ட்டனின் விதவை சாரா சொன்ன சாட்சி. மூன்று வருஷம் முன்னால் ஹோல்ட்டன் வீட்டுப் பன்றிகள் நர்ஸ் வயலுக்குள் நுழைந்துவிட்டன. ரெபேக்கா வந்து கத்து கத்தென்று கத்தி, மகன் பெஞ்சமினைக் கூப்பிட்டு, துப்பாக்கியை எடுத்து வந்து சுடுடா, ஒன்றும் வெளியே போகக்கூடாது என்றாராம். பன்றிகளுக்குக் கழுத்துக்கட்டை ஒழுங்காகப் போட்டிருந்தோம், வேலிதான் பழுது என்கிறாள் சாரா. கொஞ்ச நாளில் அவள் புருஷனுக்கு வலிப்பும் குருடும் வந்து செத்துப்போனான்.

பயிரில் மாடு மேய்ந்தால் எந்தக் குடியானவன் வீட்டிலும் நடக்கிற சண்டை. அதைக் கொண்டுபோய்க் கொலைக் குற்றத்துக்குச் சாட்சியாக வைத்தார்கள். அதே ஹோல்ட்டன் குடும்பத்து மூத்தவர் ஜோசப் அந்த 39 பேர் மனுவில் ரெபேக்காவுக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும்.

ரெபேக்காவைச் சாந்த சொரூபியாகவே சித்தரிப்பதைவிட, வரப்பில் நின்று சத்தம் போட்ட பண்ணைக்காரியாகப் பார்க்கும்போது எனக்கு அவர்மேல் மரியாதை கூடத்தான் செய்கிறது.

மலர்விழி:

குற்றத்தை ஒப்புக்கொண்டவர்களைத் தூக்கில் போடவில்லை அல்லவா? பிரான்சிஸோ பிள்ளைகளோ, "அம்மா, ஒப்புக்கொண்டு உயிரைக் காப்பாற்றிக்கொள்" என்று சொல்லியிருக்க மாட்டார்களா? என் அம்மாவாக இருந்தால் காலில் விழுந்தாவது சொல்லியிருப்பேன்.

நெய்தல்:

மலர்விழி, இங்கேதான் பியூரிட்டன் (கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவு) வீடு எப்படிப்பட்டது என்பது வருகிறது. பொய் சொல்லி உயிர் பிழைத்தால் ஆத்துமா நித்தியத்துக்கும் போய்விடும் என்பது அவர்களுக்கு மேடைப்பேச்சு இல்லை. விடிந்து எழுந்தால் அடைகிற வரை அதோடுதான் வாழ்ந்தார்கள்.

கைதுக்கு முன்பே இஸ்ரேல் போர்ட்டர், எலிசபெத் போர்ட்டர், டேனியல் ஆண்ட்ரு, தங்கை சாராவின் கணவர் பீட்டர் க்ளாய்ஸ் நாலு பேரும் ரெபேக்காவைப் பார்க்கப் போனார்கள். உன் பெயர் அடிபடுகிறது என்று சொல்லத்தான். ரெபேக்கா கிட்டத்தட்ட ஒரு வாரமாக உடம்பு சரியில்லாமல் இருந்தார். வந்தவர்கள் வாயைத் திறக்கும் முன்பே அவரே வலிப்பு வந்த பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். எனக்கும் முன்பு அப்படி மயக்கம் வந்ததுண்டு, அதனால்தான் போய்ப் பார்க்கவில்லை, ஆனால் அவர்களுக்காக ஜெபிக்கிறேன் என்றார். உன் பெயரையும் சொல்கிறார்கள் என்றதும், சற்று நேரம் திகைத்து உட்கார்ந்திருந்தார். பிறகு, இன்னும் பிறக்காத பிள்ளையைப்போல நான் இதில் குற்றமற்றவள். ஆனால் நான் மனந்திரும்பாத எந்தப் பாவத்தைக் கண்டு தேவன் இந்த முதுமையில் இப்படி ஒரு துன்பத்தைக் கொடுக்கிறார் என்றார்.

பொய்ப் பழி வந்து விழுகிற நேரத்திலும் முதலில் தன்னைத்தான் சோதித்துப் பார்க்கிறார். இப்படி ஒருவரிடம் பொய் வாக்குமூலம் கொடு என்று யார் சொல்ல முடியும்? ஜூலை 3 அன்று சேலம் சபை அவரை வெளியேற்றி, நிக்கோலஸ் நாய்ஸ் பாதிரியார் அதை அறிவித்தார். இருபது வருஷம் அங்கத்தினராக இருந்த சபை. தூக்கைவிட அது அவருக்குப் பெரிய அடி என்றுதான் நினைக்கிறேன்.

பனிக்கரை:

நான் இருப்பது மாசசூசெட்ஸில். டான்வர்ஸ் பண்ணை வீட்டுக்குப் போயிருக்கிறேன். 300 ஏக்கரில் இப்போது 27 ஏக்கர் போல மிச்சம். வீட்டுக்குக் கீழே சரிவில் குடும்ப மயானம். தூக்கிலிட்டவர்களைப் பாறை இடுக்கில் போட்டுவிடுவார்கள், பிள்ளைகள் இரவோடு இரவாக அம்மாவின் உடலை எடுத்து வந்து இங்கே எங்கோ அடக்கம் செய்தார்கள் என்பது குடும்ப வழிச் செய்தி. அதனால் கல்லறைக் கல் கிடையாது. 1885இல் வம்சத்தவர்கள் நினைவுத்தூண் வைத்தார்கள்.

எனக்குப் பிடித்தது பக்கத்திலிருக்கும் இன்னொரு கல். 1892இல் வைத்தது. ரெபேக்காவுக்காகப் பேசிய அண்டை அயலாரின் பெயர்கள், மொத்தம் 40. நெய்தல் அக்கா எழுதியதைப் படித்ததும் அதுதான் ஞாபகம் வந்தது. பழி சொன்னவர்களுக்குச் சிலை வைத்த ஊர்கள் உண்டு. பரிந்து பேசிய பக்கத்து வீட்டாருக்குக் கல் நட்ட இடம் இதைத் தவிர நான் வேறு பார்த்ததில்லை.

மலர்விழி:

தூக்குக்குப் பிறகு பிரான்சிஸ் என்ன ஆனார்?

கரிசல்காடு:

மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தார். மனைவி போன இரண்டு மாதத்தில், செப்டம்பர் 22 அன்று, மைத்துனி மேரி ஈஸ்டியையும் தூக்கிலிட்டார்கள். 1694 கடைசியில் பாக்கிச் சொத்தையும் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அவர்கள் பராமரிப்பில் இருந்தார். 1695 நவம்பர் 22 அன்று 77 வயதில் காலமானார்.

ஆனால் அவர் வீடு அடங்கவில்லை. சாமுவேல் நர்ஸ், அவர் மனைவி, ஜான் டார்பெல், பீட்டர் க்ளாய்ஸ் எல்லாரும் பாரிஸ் கையால் இராப்போசனம் வாங்க மாட்டோம் என்று சபைக்குப் போவதை நிறுத்தினார்கள். காரணத்தை எழுத்தில் கொடுத்தார்கள். பாரிஸ் கூட்டம் போட்டார், சமாதானக் குழுக்கள் வந்தன, இழுத்தடித்தது. 1694 நவம்பரில் பாரிஸ் ஒருவழியாக வருத்தம் தெரிவித்து ஒரு அறிக்கை வாசித்தார். முன்பே இதில் பாதியைச் சொல்லியிருந்தால் இந்த அளவுக்கு வந்திருக்காது என்றார் டார்பெல். சொல்லிவிட்டு எதிர்ப்பைக் கைவிடவும் இல்லை. பாரிஸ் 1696இல் பதவியை விட்டு, மறுவருஷம் ஊரைவிட்டுப் போனார். அடுத்து வந்த ஜோசப் கிரீன் இளைஞர், பக்குவமானவர். 1699இல் நர்ஸ் குடும்பத்தைத் திரும்பச் சபைக்குள் சேர்த்தார். 1706இல் அதே சபையில் மகள் ஆன் புட்னம் எழுந்து நிற்க, அவளுடைய மன்னிப்பை கிரீன் வாசித்தார். குறிப்பாக நர்ஸ் அம்மையாரையும் அவர் சகோதரிகள் இருவரையும் குறிப்பிட்டுச் சொன்ன மன்னிப்பு.

1710இல் சாமுவேல் அரசுக்கு எழுதிய மனுவை ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். சேலம் சிறையிலும் பாஸ்டன் சிறையிலும் கிட்டத்தட்ட நாலு மாதம் அம்மாவைப் பார்த்துக்கொண்ட செலவு, கெட்டுப்போன பண்ணை வேலை எல்லாவற்றையும் சொல்கிறார் (சிறையில் சோற்றுக்கும் விலங்குக்கும் கைதியே காசு கட்ட வேண்டும்). 40 பவுண்டு கொடுத்தாலும் என் நஷ்டம் ஈடாகாது. 25 போதும், ஆனால் அம்மாவின் பெயர்மேல் இருக்கும் களங்கத்தை நீக்க வேண்டும், நாங்கள் முக்கியமாகக் கேட்பது அதைத்தான் என்கிறார். அப்படிப்பட்ட தாயை இழந்ததை எப்படிச் சொல்வது என்றே எங்களுக்குத் தெரியவில்லை என்றும் ஒரு வரி. 1711இல் தண்டனையை ரத்துசெய்து 25 பவுண்டு கொடுத்தார்கள். 1712இல் சேலம் சபை நீக்கத்தையும் அழித்தது.

பத்திரம்:

நான் முதலில் கிளப்பிய நிலப் பேச்சுக்கு ஒரு பின்சேர்க்கை. அந்தப் பண்ணை 1784 வரை நர்ஸ் வம்சத்திடமே இருந்தது. அந்த ஆண்டு வாங்கியவர் பெயர் பினியஸ் புட்னம். முறையான கிரயம். அதற்குப் பின் 1908 வரை புட்னம்களிடம் இருந்து, நினைவுச் சங்கம் ஒன்று வாங்கியது.

சூனிய வழக்கால் ஒரு ஏக்கர்கூடக் கைமாறவில்லை என்ற நெய்தல் அம்மாவின் வாதத்துக்கு இது வலு சேர்க்கிறது. கமிட்டி அரசியல் என்ற என் வாதத்தை இது தொடாது என்பதையும் பதிவுசெய்கிறேன்.

பனிக்கரை:

சாரா க்ளாய்ஸ் என்ன ஆனார் என்று யாரும் சொல்லவில்லையே. ரெபேக்கா கைதான பின் வந்த ஏப்ரல் 3 ஞாயிற்றுக்கிழமை, "உங்களுக்குள்ளும் ஒருவன் பிசாசாயிருக்கிறான்" என்ற வசனத்தை எடுத்து பாரிஸ் பிரசங்கத்தைத் தொடங்கியதும் எழுந்து வெளியே போனார், கதவு அறைந்து சாத்தியது என்கிறார்கள். மறுநாளே அவர்மேல் பிராது. மாதக்கணக்கில் சிறையில் இருந்தார், ஆனால் 1693 ஜனவரியில் அவர்மேல் இருந்த குற்றச்சாட்டு தள்ளுபடியானது. கணவர் பீட்டருடன் பாஸ்டனுக்கு மேற்கே ஃப்ராமிங்ஹாம் பக்கம் குடிபெயர்ந்தார். சேலத்திலிருந்து வந்த குடும்பங்கள் குடியேறிய அந்தப் பாதைக்கு இன்றும் சேலம் எண்ட் ரோடு என்றுதான் பெயர். அவர் இருந்ததாகச் சொல்லும் வீடும் அங்கே நிற்கிறது. யாராவது அந்தப் பக்கம் வந்தால் சொல்லுங்கள், கூட்டிப்போகிறேன்.